ட வடிவில் நின்ற தண்ணீர்

மேசன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு நெளுக்குளத்தில் மகள் வீட்டில் இருக்கிற எனக்கு வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று நீங்கள் கதைப்பது தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். மேசன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இதைப் படித்துத் திருந்திவிடுவீர்கள் என்ற நப்பாசை எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் போடுகிற நிலத்தில் ஆரோ ஒருவர் காலம் முழுக்க நடக்கப் போகிறார். அவரை நினைத்தால் சும்மா இருக்க முடியவில்லை.

சீமெந்தை எப்படிக் குழைப்பது, மட்டக்கோலை எப்படி இழுப்பது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நாலு இடத்தில் வேலைக்குப் போனால் கை அதைத் தானாகப் படித்துவிடும். கை படித்த பிறகும் தலை படிக்காத ஆட்களைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. அப்படியானவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

நெடுங்கேணியில் ஒருவர் கைத்தொலைபேசியை நிலத்தில் வைத்து மட்டம் பார்த்தே ஒரு குசினி முழுவதற்கும் நிலம் போட்டார். அந்தப் போனின் முதுகில் கமரா துருத்திக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியவில்லை. படம் எடுக்கத் தெரிந்திருந்தது, கமரா எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. குசினி கழுவின தண்ணீர் எல்லாம் வெளியே போகாமல் அரிசிப் பையைத் தேடிப் போனது. வீட்டுக்காரி கேட்டதற்கு, போன் சரியாகத்தான் காட்டினது, உங்கள் தண்ணீரில்தான் பிழை என்றாராம். இவரோடு ஒப்பிட்டால் நான் இனிச் சொல்லப் போகிற ஆள் மேதை.

அவருக்குப் பெயர் இருக்கிறது, சொல்ல மாட்டேன். சுவரில் பச்சை நிறத்தில் கோடு விழுத்துகிற லேசர் ஒன்றை முதன்முதலில் எங்கள் பக்கம் கொண்டுவந்தவர் அவர்தான். அதனால் நான் அவருக்குப் பச்சைக்கோடு என்று பெயர் வைத்தேன். இரணைமடு வாய்க்கால் ஓரமாக உள்ள ஒரு வீட்டில், பெரிய அறையின் நிலத்தை இவர் இரண்டு தரம் மட்டப்படுத்தியிருந்தார். இரண்டு தரமும் அது திரும்பத் தாழ்ந்து போனது. மூன்றாம் தரம் மட்டப்படுத்தக் கொழும்பிலிருந்து ஏதோ புதுச் சாமான் இறக்கியிருந்தார். ஊற்றிவிட்டால் அது தானாகவே மட்டமாகிவிடுமாம். அப்படியென்றால் மேசன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வீடு தவமணி என்கிற பெண்ணுடையது. புருசன் சிவபாதம் கடைசிச் சண்டையில் முதுகில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறவர். நிலம் தாழ்ந்தால் உங்களுக்கும் எனக்கும் கால் கொஞ்சம் இடறும், அவ்வளவுதான். அவருக்குக் கதிரையே உருண்டுவிடும். ஒரு பக்கத்துச் சக்கரத்தின் பிரேக் தேய்ந்து போனதால் இடது கையால் எந்த நேரமும் அந்தச் சில்லைப் பிடித்துக்கொண்டிருப்பார். சாப்பிடும்போதும் அப்படித்தான். வலது கையில் பாண் ரொட்டியோ சோறோ இருக்கும், தேத்தண்ணிக் கோப்பையைத் தவமணி பிடித்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஒருநாள் போன் அடித்திருக்கிறது. அதை எடுக்க அந்தக் கையை விட்டார். கதிரை பள்ளத்துக்குள் இறங்கிச் சாய்ந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அது பொருந்தி வரவும் அந்தக் கொழும்புச் சாமான் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

அந்தப் போனில் வந்த ஆள் தவமணியின் தம்பி சுதன். கனடாவில் இருக்கிறார். மச்சான் விழுந்ததைக் கேட்டு மனம் வருந்தி, உடனே பச்சைக்கோட்டுக்கு அழைத்து மூன்றாம் தரமும் நிலம் போடச் சொன்னவர் அவர்தான். இரண்டு தரம் பிழைத்த ஆளிடமே மூன்றாம் தரமும் கொடுப்பதற்குக் கனடாவில் என்ன பெயரோ தெரியாது. தவமணிக்கு அதில் நம்பிக்கை இல்லை. தெரிந்த ஆட்கள் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினா.

நான் போனபோது பச்சைக்கோடு அறைக்குள் லேசரை நிறுத்தி வைத்துவிட்டு, கதவுப் பக்கம் நின்று போனில் சுதனுக்குச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரில் கோடு பச்சையாக, நேராக, வடிவாகத்தான் இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. கோடு சுவரில் இருந்தது, பள்ளம் நிலத்தில் இருந்தது.

"அண்ணை வந்திட்டாரோ? அண்ணையும் ஒருக்காப் பாக்கட்டும்" என்று போன் சொன்னது. "ஆனா இந்த முறை நல்ல சைனிங்கா வரவேணும். இஞ்ச எல்லாம் நிலத்தில முகம் தெரியும்."

"முகத்தைக் கண்ணாடியில பாருங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டுத் தவமணியிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டேன்.

தண்ணீரை அறையின் நடுவில் மெதுவாக ஊற்றினேன். பிறகு ஒரு கதிரையை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டு இருந்தேன். பச்சைக்கோடு சிரித்தார். "அண்ணை, உது எங்கட தாத்தா காலத்து வேலை" என்றார். இருக்கட்டும். தண்ணீருக்கு ஆரையும் சந்தோசப்படுத்த வேண்டிய தேவை இல்லை. மேட்டிலிருந்து வடிந்து, தயங்கி, கடைசியில் பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் போய் நின்றது. அறையின் கிழக்குச் சுவரோடு ஒரு நீளக் கோடாக வந்து, மூலையில் திரும்பி, யன்னலுக்குக் கீழே கொஞ்சத் தூரம் போயிருந்தது. எழுத்தில் ட என்று எழுதிவைத்த மாதிரி.

வன்னியில் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய எவருக்கும் அந்த வடிவத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் எறிகணைச் செல் விழுந்தால் வாசலால் வருகிற சிதறல் நேரே உள்ளே வராமல் இருக்கப் பங்கரை, அந்தப் பதுங்குகுழியை, ஒரு மூலை திருப்பித்தான் வெட்டுவோம். எங்கள் வீட்டு வளவில் இருந்ததும் ட, பக்கத்து வளவில் இருந்ததும் ட. பச்சைக்கோடும் சின்ன வயதில் அதற்குள் குந்தியிருந்து வளர்ந்த ஆள்தான். அந்தப் பள்ளத்துக்கு மேலே இரண்டு தரம் முழங்காலில் நின்று சீமெந்து பூசியிருக்கிறார். ஒரு தரமாவது எழும்பி நின்று அதன் வடிவத்தைப் பார்க்கவில்லை. இதை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியாது.

சிவபாதம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். முதல் தரம் தாழேக்கையே விளங்கினது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? வந்த எல்லாரும் சுவரைத்தானே பாத்தவை."

சண்டை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது வளவு முழுக்கப் புல்டோசர் ஓடி மட்டமாகக் கிடந்ததாம். அதற்கு மேலே பற்றை. தாங்கள் வெட்டின பங்கர் எந்தப் பக்கம் இருந்தது என்று அவர்களுக்கே அப்போது பிடிபடவில்லை. வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது, குறித்த நாளுக்குள் அத்திவாரம் போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்கள். சாத்திரியார் வந்து நிலையம் எடுத்தார். அதுதான் எங்கள் வழக்கம், வீடு எந்த இடத்தில் வரவேண்டும் என்று கயிறு பிடித்துப் பார்த்துச் சொல்வது. ஈசானம் பார்த்தார், அக்கினி மூலை பார்த்தார், எட்டுத் திசையும் பார்த்துத் தேசிக்காயும் வெட்டினார். கீழே என்ன கிடக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. சாத்திரத்தில் கீழ்ப்பக்கத்துக்கு இடம் இல்லைப்போல. அவருக்குப் பிறகு வந்த ஒப்பந்தக்காரர் அதையும் பார்க்கவில்லை, சாத்திரத்தையும் பார்க்கவில்லை. மண்ணை நிரப்பினார், மிதித்தார், மேலே சீமெந்தை இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நிலத்தை உடைக்க வேண்டும் என்று சொன்னேன். போனில் கனடா கத்தியது. மழை தொடங்கப் போகிறது, உடைத்தால் எப்போது முடிப்பது, புதுச் சாமானை ஊற்றினால் நாளைக்கே நடக்கலாமே என்றது. அந்தச் சாமானும் பாரம்தான், பள்ளத்துக்கு மேலே பாரத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் தாழும் என்று நான் சொன்னது அங்கே கேட்கவில்லை. கடைசியில் தவமணி போனை வாங்கி, "தம்பி, விழுறது இஞ்ச இருக்கிற மனிசன்" என்று சொல்லிவிட்டு அழைப்பை நிறுத்தினா. அன்றைக்கு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் புத்தியான கதை அதுதான்.

உடைத்தோம். பச்சைக்கோடும் நின்றார், போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாலு விசயம் பார்க்கட்டும் என்று விட்டேன். சீமெந்துக்குக் கீழே கையால் அள்ளக்கூடிய பொருமல் மண். அதற்குக் கீழே உக்கிப்போன பனங்குற்றிகள், பங்கருக்குக் கூரையாகப் போட்டவை. பிறகு துணி வந்தது. மண்மூட்டைக்கு உரப்பை இல்லாத நேரத்தில் பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டித் தைத்துத்தான் மூட்டை கட்டினார்கள். நைலெக்ஸ் சேலைகள் பூப்போட்டபடியே நிறம் குறையாமல் வந்தன. தவமணி யன்னலுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தா.

அப்போதுதான் உதவிக்கு நின்ற ஒருவர் மண்ணைக் கிண்டிய அலவாங்கு இரும்பில் பட்டது.

"அண்ணை, இரும்பு."

குனிந்து பார்த்தேன். களிமண்ணுக்குள்ளிருந்து கறுப்பாக, உருண்டையாக ஒரு முதுகு கொஞ்சம் தெரிந்தது. வெடிக்காத குண்டோ வேறேதோ, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. இந்த மண்ணில் என்னவென்று தெரியாத இரும்பைக் கண்டால் ஒரு மேசன் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் எழுதினேன்.

பச்சைக்கோடு எனக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, கயிறு போட்டு மெல்ல இழுப்பம். எடுத்து வாய்க்காலுக்கை போட்டிட்டு மூடுவம். ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

வாய்க்காலில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அதை அவர் யோசிக்கவில்லை.

உதவிக்கு நின்றவர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். இழுக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம், மண்ணைப் போட்டு அப்படியே மூடிவிட்டுப் போவோம் என்றார்கள். அதாவது, அந்த மனிசன் அதற்கு மேலே உருண்டு திரியட்டும். சுதன் திரும்பவும் அழைத்து, அவருக்கும் விசயம் தெரிந்து, "அண்ணை, பொலிஸ் கிலிஸ் எண்டு போகாதேங்கோ. வீட்டைக் கிண்டி எடுத்துப்போடுவாங்கள். பேசாமல் கொங்கிறீற்றைப் போடுங்கோ" என்றார்.

இதில் சுதன் சொன்னதை மட்டும் நான் இளக்காரமாக எடுக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. வளவுக்குள் ஆயுதம் ஏதோ புதைத்திருக்கிறது என்று கதை வந்தால் வீடு வீடாக இருக்காது. கேள்வி கேட்பார்கள், தோண்டுவார்கள், ஊர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். காலால் எழும்பி ஓட முடியாத ஒரு மனிசன் அந்த நேரம் எங்கே இருப்பது, மழை வேறு. சொன்னாலும் அவர்களுக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. எனக்கும் பயம்தான்.

ஆனால் இரண்டு ஆபத்தும் ஒன்றல்ல. கேள்விக்குப் பதில் சொல்லலாம், அவமானத்தைப் பொறுக்கலாம், தோண்டின மண்ணைத் திரும்ப நிரப்பலாம். வெடித்தால் திரும்பச் செய்ய ஒன்றும் இல்லை. தம்பிமாரே, அவசரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தால் எது திரும்பச் சரிசெய்யக் கூடியது, எது முடியாதது என்று மட்டும் பாருங்கள். மற்றதை எல்லாம் ஆறுதலாக யோசிக்கலாம்.

"எல்லாரும் வெளியில போங்கோ" என்றேன். "ஒரு சாமானும் எடுக்கவேண்டாம்."

சிவபாதத்தைக் கதிரையோடு தூக்கிப் பக்கத்து வீட்டு விறாந்தையில் கொண்டுபோய் விட்டோம். அவர் ஒரு வார்த்தை கேட்டார். "உது என்னவெண்டு தெரியுமோ அண்ணை?"

"தெரியாது. தெரியாததாலதான்."

தவமணியிடம் நேரே கேட்டேன், இது உங்கள் வீடு, நீங்கள் சொன்னால்தான் கிராம சேவகரிடம் போவேன் என்று. அவா விறாந்தையில் இருந்த புருசனைப் பார்த்தா, உடைந்து கிடந்த நிலத்தைப் பார்த்தா. "போங்கோ அண்ணை" என்றா. நான் சைக்கிளை எடுத்தேன்.

கிராம சேவகர் பொலிசுக்குச் சொன்னார், பொலிஸ் வந்து நாடா கட்டியது, குண்டு எடுக்கிற ஆட்கள் வரும்வரை ஒருவரும் உள்ளே போக முடியாது என்றது. அந்த ஆட்கள் அன்றைக்கு வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. மழை வந்தது. அது மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. சிவபாதம் அந்தச் சின்ன விறாந்தையில் தூவானத்துக்குள், ஒரு கையால் சில்லைப் பிடித்தபடியே இருந்தார். ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவராவது அவருக்கு மறைப்பாக ஒரு படங்கைக் கட்டிவிடுவோம் என்று நினைக்கவில்லை. நான்தான் கட்டினேன். சுதன் எனக்குப் போனில் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. அவரைப் பெற்றவர்கள் நல்ல மனிதர்கள்.

கடைசியில் வந்தவர்கள் கருவியால் பார்த்து, பக்கத்து மண்ணைத் தூரிகையால் தட்டுகிற மாதிரித் தட்டி, அந்த இரும்பை வெளியே எடுத்தார்கள். எடுத்தவர் அதில் ஒட்டியிருந்த களியைத் தட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே கொண்டுவந்து வைத்தார்.

தையல் மெசின். பலகை உக்கிப்போய்த் தலை மட்டும் மிச்சம். அந்த உருண்டை முதுகு, மெசினின் கைச்சில்லு.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பச்சைக்கோட்டுக்கு இரண்டு தரம் நிலம் தாழ்ந்த அவமானம் ஒரே நிமிசத்தில் தீர்ந்தது. அன்றைக்குப் பின்னேரமே சந்தித் தேத்தண்ணிக் கடையில் நின்று, தையல் மெசினுக்குப் பொலிசைக் கூப்பிட்ட மேசன் என்று என் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். இன்றைக்கும் கிளிநொச்சிப் பக்கம் போனால் ஆராவது ஒருவர், அண்ணை, என்ரை வீட்டிலையும் ஒரு மெசின் பழுதாக் கிடக்கு, பொலிசுக்குச் சொல்லவோ என்று கேட்பார்கள்.

கேட்கட்டும். சிரிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அது என்னவென்று மண்ணை எடுத்த பிறகு எல்லாருக்கும் தெரியும். முடிவு எடுக்க வேண்டியிருந்தது மண்ணை எடுக்கிறதுக்கு முதல். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது இரும்பு என்பது மட்டும்தான். நாளைக்கு இன்னொரு வீட்டில் அதே மாதிரி ஒரு முதுகு தெரிந்தால் அன்றைக்கும் எல்லாரையும் வெளியே அனுப்புவேன், அன்றைக்கும் சைக்கிளை எடுப்பேன். அதுவும் மெசினாக இருந்தால் அதற்கும் நின்று சிரியுங்கள். சிரிக்க உங்களுக்கு உயிர் இருக்கும்.

தவமணி சிரிக்கவில்லை. கிட்ட வந்து கைச்சில்லைச் சுற்றிப் பார்த்தா. துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

"ஆரோ களவெடுத்துக்கொண்டு போட்டினம் எண்டெல்லே நினைச்சனாங்கள்" என்றா. "வெளிக்கிடேக்கை தூக்கேலாமல் பங்கருக்கை வைச்சு மண்ணைப் போட்டனாங்கள். அந்த மூட்டை எல்லாம் நான் உதிலதான் தைச்சனான்."

அதற்குப் பிறகு நடந்தது வெறும் வேலை. பொருமல் மண் முழுவதையும் அடிமட்டும் எடுத்தோம். கிறவல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்து இறுக்கினோம். பச்சைக்கோட்டின் கையிலும் ஒரு திமிசைக் கொடுத்தேன். கையில் கொப்புளம் வந்தது, லேசரால் வராத அறிவு கொஞ்சம் கொப்புளத்தால் வரும். கம்பி வலை போட்டுக் கொங்கிறீற் இட்டு, மேலே மினுக்காமல் கரகரப்பாகவே விட்டேன். சில்லு வழுக்கக் கூடாது. கொழும்புச் சாமான் வாளி வாளியாக விறாந்தையில் கிடந்தது. கடைசியில் அதற்கு மேலே பலகை போட்டுத் தவமணி பூச்சாடி வைத்தா. மட்டமாகத்தான் நின்றது.

நிலம் காய்ந்து இறுகினபிறகு திரும்ப ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். எங்கேயும் போகத் தெரியாமல் பரவி நின்றது. ஒரு எழுத்தும் எழுதவில்லை. துடைத்துவிட்டுச் சிவபாதத்தை உள்ளே கூட்டிவந்தோம்.

சரியாக அந்த நேரம் சுதன் வீடியோவில் வந்தார். "காட்டுங்கோ, காட்டுங்கோ" என்றார். தவமணி நிலத்தைக் காட்டினா. "என்னக்கா, மங்கலாக் கிடக்கு? சைனிங் எங்க? ரண்டு தரம் போட்டவன் எவ்வளவு வடிவாப் போட்டவன்." தவமணி போனை மெதுவாக நிலத்தில் மல்லாக்க வைத்தா. கனடா எங்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்து கதைத்தது.

சிவபாதம் அறையின் கிழக்குப் பக்கம், அந்த மூலைக்கே போனார். முன்பு கதிரை தானாகப் போய் நிற்கிற இடம். நின்றார். இடது கை சில்லில் இறுக்கமாகத்தான் இருந்தது. முதலில் ஒரு விரலை எடுத்தார், பிறகு மற்ற விரல்களை. கை சில்லுக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் நின்றது. கதிரை அசையவில்லை. கையை மடியில் கொண்டுவந்து வைத்தார். பிறகு அங்கேயிருந்து எடுத்து மற்றக் கையோடு சேர்த்து வைத்தார், அதை எங்கே வைக்கிறதென்று தெரியாத மாதிரி.

பச்சைக்கோடு கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தார், அது பெரிய விசயம்.

"தவம்" என்று சிவபாதம் குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "பாணும் தா, தேத்தண்ணியும் தா. ரண்டையும் என்ரை கையில தா."